நரம்பியலா, மூளை ஆராய்ச்சியா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

கைதடிப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். யாழ் மருத்துவ பீடத்தில் நான்காம் வருடம் படிக்கிறேன். கனநாளாக மனதில் கிடக்கிற ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போனது. கை இன்னும் சரியில்லை. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. சில மாதம் கழித்து ஒரு கிளினிக்கில் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு படத்தில் பனிக்கட்டியால் கட்டிய வட்ட வீடு, இக்ளூ. அம்மம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "கவிட்டு வைச்ச சட்டி" என்றார். பிழை என்று குறித்தார்கள். அடுத்தது பீவர் என்ற பிராணி. "பெரிய எலி" என்றார். அதுவும் பிழை. வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் போய் நீத்துப்பெட்டி, திருவலை, சுளகு, அகப்பை என்று ஒவ்வொன்றாக இடக்கையால் தொட்டு, திக்கித் திக்கித் தானாகவே பெயர் சொன்னார். யாரும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கே நரம்பியல்தான் என்று முடிவெடுத்தேன். ஆனால் வாட்டில் நோயாளியைப் பார்க்கிற வைத்தியராக இருப்பதா, ஆராய்ச்சி செய்வதா என்று தெரியவில்லை. இந்தத் துறையில் பெயர் எடுத்தவர்கள் தங்கள் கேள்வியை எங்கே கண்டெடுத்தார்கள்? படித்தவர்கள், அருகில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


பேராதனைப்பழசு | ஞாயிறு, இரவு 9.50

தங்கச்சி, முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். 5 வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம், பிறகு நியமனம். அதற்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் பொது மருத்துவ எம்.டி. அதற்குள் நுழையவே ஒரு தெரிவுப் பரீட்சை. எம்.டி. முடித்த பிறகுதான் நரம்பியலில் சிரேஷ்ட பதிவாளர் பயிற்சி, அதில் ஒரு பகுதி வெளிநாட்டில். மூளையில் கத்தி வைக்கிற வேலை வேண்டுமென்றால் சத்திரசிகிச்சை எம்.டி. வழியாகப் போக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் முப்பது வயது தாண்டும். பயப்படாதீர்கள். ஆராய்ச்சியை அதுவரை தள்ளிப்போடவும் தேவையில்லை.

அம்மம்மாவுக்குக் காட்டியது பொஸ்ரன் பெயர் சொல்லும் சோதனையாக இருக்கலாம். 1983இல் வெளிவந்தது, 60 கோட்டுப் படங்கள். கட்டில், மரம் என்று சுலபமாகத் தொடங்கிப் போகப் போகக் கடினமாகும். இக்ளூ, பீவர், பிரெட்செல் எல்லாம் அதில் உண்டு. அமெரிக்கர்களுக்காகச் செய்த நல்ல சோதனை அது. கைதடியில் வாழ்நாள் முழுக்க இருந்த ஒருவரிடம் அதை அப்படியே நீட்டியவர் யோசித்திருக்க வேண்டும்.


சுன்னாகத்து வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.31

பிள்ளை, நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். 1990களின் முதல் பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில் படிப்பித்தவன். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியில் எரிகிற விளக்கு. ஒரு விளக்கைச் சுற்றி ஐந்து பிள்ளைகள். அவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது ரீட்டா லெவி மொன்ரால்சினியின் கதை.

1909இல் இத்தாலியின் ரியூரினில் பிறந்த யூதப் பெண். மருத்துவம் படித்தவர். 1938இல் முசோலினியின் இனச் சட்டங்கள் வந்ததும் யூதர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டது. அவர் தன் படுக்கையறையிலேயே ஆய்வுகூடம் போட்டார். தையல் ஊசியைத் தீட்டிச் சத்திரக் கத்தியாக்கினார். கோழிக் கருவில் ஒரு கால் முளையை வெட்டிவிட்டால், அந்தக் காலுக்குப் போகவேண்டிய நரம்புக் கலங்களுக்கு என்ன நடக்கும்? இதுதான் கேள்வி. நகரத்தில் குண்டு விழத் தொடங்கியதும் குடும்பத்தோடு மலைப்பக்கத்து வீட்டுக்கு இடம்பெயர்ந்தார். அங்கேயும் மேசையின் ஒரு மூலையில் வேலை தொடர்ந்தது. சைக்கிளில் வீடு வீடாகப் போய், குழந்தைகளுக்கு என்று சொல்லி முட்டை வாங்கினார். இடம்பெயர்வு என்றால் என்ன என்று தெரிந்த பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கேள்வியைத்தான் போர் முடிந்த பிறகு அமெரிக்காவின் செயின்ற் லூயிசுக்கும் கொண்டுபோனார். நரம்புக் கலம் உயிரோடு இருக்க ஒரு பதார்த்தம் அதற்கு வந்துகொண்டிருக்க வேண்டும் என்று அங்கே கண்டார். அதுதான் நரம்பு வளர்ச்சிக் காரணி. 1986இல் ஸ்டான்லி கோஹனுடன் நோபல் பரிசு. 2012இல் 103 வயதில் இறந்தார்.

அந்த ஐந்து பிள்ளைகளில் இருவர் இன்று வைத்தியர்கள்.


வெங்காயத்தோட்டம் | திங்கள், காலை 5.44

நான் படித்தவன் இல்லை, இணுவில் பக்கம் தோட்டம். ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். என் தம்பி நிலத்தில் பாய் போட்டுப் படுக்கிறவன். ஒரு நாள் விடியப்புறம் வயிற்றுக்குத்து என்று எழும்பினான். கடி தெரியாது, காயமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் இமை இரண்டும் விழுந்துவிட்டது. விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் எங்களைப் பார்த்தான். பிறகு விழுங்க ஏலாது, மூச்சு ஏலாது. பாயைத் தூக்கிப் பார்த்தால் கீழே கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. எட்டு நாள் சுவாச இயந்திரத்தில் இருந்தான். இப்போது சுகம், என்னோடு தண்ணீர் கட்டுகிறான்.

அவன் சொன்ன ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. அந்த நாட்களில் அம்மா கட்டிலடியில் நின்று அழுததெல்லாம் அவனுக்குக் கேட்டதாம். விரல் நுனியைக்கூட அசைக்க ஏலாமல் கேட்டுக்கொண்டு கிடந்தானாம். இதுவும் நரம்பு வருத்தம்தானா? இதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்களா?


பேராதனைப்பழசு | திங்கள், மதியம் 1.20

அண்ணை, இது நரம்பியலின் நடுமையம். தம்பியின் மூளையை விஷம் தொடவில்லை, அதனால்தான் எல்லாம் கேட்டது. நரம்பு தசையோடு சேருகிற இடத்தில்தான் அடி. கட்டுவிரியன் விஷம் பெரும்பாலும் நரம்பின் நுனியையே சிதைத்துவிடும். விஷமுறிவு மருந்து ஏற்றினாலும் இமை உடனே தூக்காததற்கு அதுதான் காரணம். நுனி திரும்ப வளரும் வரை இயந்திரம் மூச்சுவிட்டுக் கொடுக்க வேண்டும்.

தாய்வானில் சாங், லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள். அவர்கள் ஊரிலும் ஒரு கட்டுவிரியன் வகை உண்டு, ஆட்களைக் கடிக்கும். 1963இல் அதன் விஷத்தைக் கூறுகூறாகப் பிரித்தார்கள். அதில் ஒரு கூறு, நரம்பு அனுப்புகிற செய்தியைத் தசையில் வாங்குகிற ஏற்பியைப் போய் இறுக்கிப் பிடிக்கும், விடாது. அந்தப் பிடியைத் தூண்டிலாக வைத்துத்தான் அந்த ஏற்பியையே பிறகு பிரித்து எடுத்தார்கள். 1973இல் பற்றிக், லின்ட்ஸ்ட்ரோம் என்ற இருவர் அமெரிக்காவில் மின்விலாங்கிலிருந்து எடுத்த அதே ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். முயல்கள் சோர்ந்து விழுந்தன. மயஸ்தீனியா கிறாவிஸ் என்று ஒரு வருத்தம் உண்டு: காலையில் சுகமாக இருப்பவருக்குப் பின்னேரம் இமை விழும், உணவு மெல்ல ஏலாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்த ஏற்பியைத் தாக்குவதால் வருகிறது என்பது அப்படித்தான் தெளிந்தது.

அந்த வருத்தத்துக்கு மருந்து கண்டவர் மேரி வாக்கர். லண்டன் கிறீனிச்சில் ஒரு சாதாரண மருத்துவமனையில் வேலை பார்த்தவர், பெரிய பேராசிரியர் அல்ல. தசையைச் செயலிழக்கச் செய்யும் கியூராரே நஞ்சு ஏறினவர் போலவே இந்த நோயாளியும் இருக்கிறார் என்பதை வைத்து, அப்படியென்றால் அந்த நஞ்சுக்கு மாற்றாகக் கொடுக்கும் பைசோஸ்டிக்மினையே கொடுத்துப் பார்ப்போம் என்று 1934இல் ஊசி போட்டார். விழுந்திருந்த இமை உயர்ந்தது. இன்றைக்குக் கொடுக்கும் மாத்திரையும் அதே வழியில்தான் வேலை செய்கிறது.


நடைப்பயிற்சி | திங்கள், இரவு 8.05

நான் இயன்மருத்துவர். மிதிவெடியில் கால் போனவர்களோடு பல வருடம் வேலை செய்தேன். ஒருவர் வருவார், முழங்காலுக்குக் கீழே இல்லை. கதைத்துக்கொண்டு இருக்கும்போதே கை கீழே போகும், சாரத்தின் வெறும் மடிப்பைச் சொறிவார். இல்லாத பெருவிரல் கடிக்கிறது என்பார். இரவில் அந்த விரல்கள் மடங்கி இறுகி, நித்திரை வராது.

இதற்கு மாயக் கை, மாயக் கால் என்ற கருத்தில் ஆங்கிலப் பெயர் வைத்தவர் சைலஸ் வெயர் மிச்சல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களைப் பிலடெல்பியாவில் பார்த்தவர், 1871இல் எழுதினார். சண்டை எங்கே நடந்ததோ அங்கெல்லாம் நரம்பியல் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ரஷ்ய ஜப்பானியப் போரில் தலையில் குண்டு துளைத்த வீரர்களுக்கு எவ்வளவு பார்வை போனது என்று ஓய்வூதியத்துக்காக அளக்கும் வேலை இனோயே என்ற ஜப்பானியக் கண் வைத்தியருக்குக் கிடைத்தது. குண்டு உள்ளே போன துளையையும் வெளியே வந்த துளையையும் கோடு போட்டு இணைத்துப் பார்த்து, பின்மூளையின் எந்த இடம் பார்வையின் எந்தப் பகுதியைக் கவனிக்கிறது என்ற வரைபடத்தை 1909இல் வெளியிட்டார்.

எங்களுக்குக் கிட்டத்து ஆள் வி.எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் எடுத்து, கலிபோர்னியாவில் சான்டியாகோவுக்குப் போனவர். தொடக்கத்தில் அவருடைய ஆய்வெல்லாம் கண்பார்வை பற்றியது. கண்ணை மூளை எப்படி நம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் 1990களில் கண்ணாடிப் பெட்டி தோன்றியது. இருக்கிற கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தால், இல்லாத கையின் இடத்தில் ஒரு கை தெரியும். அதை விரித்தால் இறுகிய மாயக் கையும் விரிவதாகச் சிலர் உணர்ந்தார்கள்.

நான் அந்த மனிதருக்காகத் தையல் கடையில் நிற்கிற மாதிரி ஒரு நீட்டுக் கண்ணாடி வாங்கி, இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தினேன். முதல் நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தங்கச்சி, விரல் விரியுது" என்றார்.


ஊர்க்கணக்கு | திங்கள், இரவு 9.33

நல்ல கதைகள். ஆனால் பிள்ளையை ஏமாற்ற வேண்டாம். கண்ணாடி எல்லோருக்கும் வேலை செய்வதில்லை. நீங்கள் சொன்ன பெரிய பெயர்கள் எல்லாம் கடைசியில் அமெரிக்காவிலும் லண்டனிலும் போய் நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மூளை ஆராய்ச்சி என்றால் பணம் யார் தருவார்? என் அக்காவின் மகன் முனைவர் பட்டம் என்று போய்ப் பதினொரு வருடம், வீட்டுக்கு ஒரு சதம் அனுப்பவில்லை. முதலில் விசேட வைத்திய நிபுணர் ஆகட்டும். தாய் தகப்பனைப் பார்க்கட்டும். கேள்வி கேட்பதைப் பிறகு பார்க்கலாம்.


நடைப்பயிற்சி | திங்கள், இரவு 9.58

கண்ணாடி பற்றிச் சொன்னது சரி. 2007இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஒன்றில் 22 பேரை வைத்துச் செய்த சோதனையில் நல்ல பலன் கிடைத்தது, பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அப்படி இல்லை. என்னிடமும் பலன் கிடைக்காமல் போனவர்கள் உண்டு. ஏன் ஒருவருக்கு விரிகிறது, இன்னொருவருக்கு விரியவில்லை? இதைக் கேட்க யாழ்ப்பாணத்தை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.


மொன்றியல்வாசி | செவ்வாய், காலை 7.15

ஊர்க்கணக்கு அண்ணை, உங்கள் கவலை நியாயமானது. நானும் அந்தக் கணக்குப் பார்த்து வந்தவன்தான். ஆனால் கேள்வியைப் பிறகு பார்க்கலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் இருக்கிற இந்த நகரத்தில்தான் பிரெண்டா மில்னர் வேலை செய்தார். 1918இல் மான்செஸ்டரில் பிறந்தவர். கணிதம் படிக்கக் கேம்பிரிட்ஜுக்குப் போய், தனக்கு அதில் பெரிய இடம் இல்லை என்று கண்டு உளவியலுக்கு மாறியவர். வலிப்புக்காக மூளையின் இரண்டு பக்கத்திலும் ஒரு பகுதியை 1953இல் வெட்டி எடுத்த ஒரு நோயாளி, ஹென்றி மொலாய்சன். வலிப்புக் குறைந்தது. புதிய நினைவு எதுவும் ஒட்டாமல் போனது. மில்னர் அவரைப் பார்க்க மொன்றியலில் இருந்து ரயிலில் போய் வருவார். ஒவ்வொரு முறையும் தன்னை முதலில் இருந்து அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

ஒரு நட்சத்திரத்தின் கோட்டை, கையைப் பார்க்காமல் கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தை மட்டும் பார்த்து வரையச் சொன்னார். முதல் நாள் கோணல்மாணல். மூன்றாம் நாள் ஹென்றி வடிவாக வரைந்தார். முன்பு வரைந்தது அவருக்குத் துளியும் நினைவில்லை. தான் நினைத்ததை விட இது சுலபமாக இருக்கிறதே என்று அவரே ஆச்சரியப்பட்டார். நினைவு என்பது ஒரே பெட்டி அல்ல, கைக்கு ஒரு நினைவு, நடந்த சம்பவத்துக்கு வேறு நினைவு என்று உலகம் விளங்கிக்கொண்டது ஒரு தாளும் பென்சிலும் கண்ணாடியும் வைத்துத்தான். அதற்கு எவ்வளவு பணம் வேண்டும்?

தங்கச்சி, உங்கள் அம்மம்மா பாத்திரத்தைத் தொட்டவுடன் பெயர் வந்தது, படத்தைப் பார்த்து வரவில்லை என்றீர்கள். தொட்டதாலா, தெரிந்த பொருள் என்பதாலா, தன் குசினி என்பதாலா? மூன்றையும் பிரித்துப் பார்க்கலாமே.


கணிதப்பிரிவு_2026 | செவ்வாய், மாலை 4.40

அக்கா, அண்ணாமார், ஒரு சின்னக் கேள்வி. நான் ஏ.எல். கணிதம். பயோ செய்யாதவர்கள் இந்தத் துறைக்கு வரமுடியுமா?


சுன்னாகத்து வாத்தியார் | செவ்வாய், மாலை 6.02

தாராளமாக, தம்பி. ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் கணவாய் வகையின் தடித்த நரம்பில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று அளந்து, 1952இல் அதைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். கேம்பிரிட்ஜின் கணினி அந்த நேரம் பாவிக்க முடியாமல் இருந்ததால், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கு இயந்திரத்தில் வாரக்கணக்காகக் கணக்கிட்டார். 1963இல் நோபல். வகையீட்டுச் சமன்பாட்டைக் கைவிடாதே.


கொடிகாமத்து அக்கா | செவ்வாய், இரவு 8.27

எங்கள் சாப்பாட்டையும் யாராவது பாருங்கள். மரவள்ளிக்கிழங்கு அவிக்கும்போது மூடியைத் திறந்து வைக்க வேண்டும், இஞ்சி சேர்க்கக் கூடாது என்று அம்மா சொல்லுவார். பனங்கிழங்கு ஒடியல் மாவையும் ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் எடுப்போம். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் செய்யிறது."


பேராதனைப்பழசு | செவ்வாய், இரவு 9.15

அக்கா, அருமையான கேள்வி. இஞ்சி விஷயம் எப்படியோ, மரவள்ளியில் சயனைட் உண்டாக்கும் பொருள் இருக்கிறது, அது உண்மை. பிற்காலத்தில் உலகப் புள்ளிவிவரங்களைப் படமாகக் காட்டிப் பெயர் பெற்ற ஹான்ஸ் ரோஸ்லிங், 1981இல் மொசாம்பிக்கில் மாவட்ட வைத்தியராக இருந்தார். வறட்சிக் காலத்தில் பெண்களும் பிள்ளைகளும் திடீரெனக் கால் விறைத்து நடக்க முடியாமல் வந்தார்கள். கொன்சோ என்ற வருத்தம். கசப்பு மரவள்ளியைப் பசி அவசரத்தில் போதுமான நாள் காயவைக்காமல் சாப்பிட்டதுதான் காரணம் என்று தேடிப் பிடித்தார்கள். அவருடைய முனைவர் ஆய்வும் அதிலிருந்து வந்ததுதான். ஒடியல் மாவை எலிகளுக்குக் கொடுத்து நச்சுத்தன்மை பார்த்த ஆய்வுகள் 1970களில் இலங்கையிலேயே தொடங்கின. உங்கள் அம்மா தண்ணீரை ஊற்றச் சொன்னதைத் தொடர்ந்து செய்யுங்கள்.


இரவுப்பணி | புதன், அதிகாலை 2.10

தாதி உத்தியோகத்தர் நான். வலிப்பு வந்த பிள்ளையைக் கொண்டுவரும்போது கையில் இன்னமும் திறப்புக்கோர்வை இருக்கும். இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று சொல்வார்கள். அதற்குள் பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து நேரத்தைப் பார்த்திருந்தால் எவ்வளவு நல்லது. கலியாணம் குழம்பும் என்று மாத்திரையை ஒளித்து வைக்கிற குடும்பங்களையும் பார்க்கிறேன். நரம்பியல் படிக்கிற எவராவது இதையும் ஆராய வேண்டும்.

ஊர்க்கணக்கு அண்ணைக்கு ஒன்று. பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவம் படிப்பித்தவர். ஒரு ஆளின் மனவடு மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைகிற கூட்டு மனவடு என்று அவர் எழுதியதை வெளியுலகம் படிக்கிறது. அந்தக் கேள்வி அவருக்கு இந்த மண்ணில்தான் வந்தது.


பேராதனைப்பழசு | புதன், மாலை 5.30

மொழிப் பக்கமும் ஒரு உதாரணம். ஹைதராபாத்தில் அப்போது வேலை பார்த்த சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் வைத்தியர். அந்த ஊரில் தெலுங்கு, உருது, ஹிந்தி என்று இரண்டு மூன்று மொழி எல்லோர் வாயிலும் இருக்கும், பள்ளிக்குப் போகாதவர் வாயிலும். 2013இல் அவரும் குழுவினரும் மறதிநோய் வந்த 648 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை வருடம் பிந்தித் தொடங்கியிருந்தது. வேறு நாடுகளில் எல்லா ஆய்வும் இதே முடிவைத் தரவில்லை, விவாதம் நடக்கிறது. ஆனால் அந்த ஊரில் இருந்தவருக்கு அந்தக் கேள்வி காலடியில் கிடந்தது.

தங்கச்சி, உங்கள் காலடியிலும் ஒன்று கிடக்கிறது. யாழ்ப்பாணத்து முதியவர்களுக்கான ஒரு பெயர் சொல்லும் சோதனை. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்த ஊர் இது, தமிழில் சோதனை செய்வது புதுமை இல்லை. முதலில் சுகதேகிகளிடம் செய்ய வேண்டும், வயதும் படிப்பும் கலந்து. நோய் இல்லாதவர் எத்தனை பேர் சரியாகச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் நோயாளியின் புள்ளிக்கு அர்த்தம் இல்லை. புகைப்படம் வேண்டாம், கோட்டுப் படம் வரையுங்கள். அகப்பையைக் கரண்டி என்றால் சரியா பிழையா என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பீடத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒருவரிடமும் தொடங்க வேண்டாம். அந்த அனுமதிக்கே சில மாதம் போகும், அதனால் இப்போதே எழுதத் தொடங்குங்கள்.


கைதடிப்பிள்ளை | புதன், இரவு 10.48

எல்லோருக்கும் நன்றி, மனதார. இன்றிரவு அம்மம்மாவோடு இருந்து ஒரு பட்டியல் போட்டேன். சுலபமானவை: கிணறு, வாழை, குடை. நடுத்தரம்: சுளகு, உரல், திருவலை, நீத்துப்பெட்டி. கடினம்: கிணற்றில் தண்ணீர் இறைக்கும் துலா, சூத்திரக்கிணறு, பனையில் ஏறுகிறவர்கள் காலில் போடும் தளைநார். மொத்தம் 41 வந்தது. அதில் 9ஐ அம்மம்மாதான் சேர்த்தார். மொன்றியல் அண்ணா சொன்னபடி சில பொருளைத் துணியால் மூடித் தடவிப் பார்க்கவும் கொடுத்தேன். சுளகைத் தொட்டவுடன் சொன்னார். இது ஆய்வு இல்லை, என் அம்மம்மாவோடு இருந்து பார்த்தது மட்டும்.

எனக்கு வரையத் தெரியாது. துலாவை நான் நேரில் கண்டதும் இல்லை.


வெங்காயத்தோட்டம் | வியாழன், காலை 5.20

எங்கள் கிணற்றில் இப்போது மோட்டார்தான். கோண்டாவிலில் மாமா வீட்டுக் காணியில் பழைய துலா ஒன்று இன்னும் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்து அனுப்புகிறேன். என் தம்பி நல்லாக வரைவான், அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.


கைதடிப்பிள்ளை | வியாழன், காலை 6.02

அண்ணை, பக்கவாட்டில் நின்று வரையச் சொல்லுங்கள். துலாக்காலும் கொடியும் பட்டையும் ஒரே படத்தில் தெரிய வேண்டும்.